47562ஆ, 47600ஆ?

காலை எட்டு மணி வாக்கில் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாகப் போகும் ஆபீஸ் வேன்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாருமே சாஃப்ட்வேர்க்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் சில வேன்களில் நர்சிங், பி.ஃபார்ம், மைக்ரோபயாலஜி, பிசியோதெரபி படித்த பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் டிபன் பாக்ஸ், காதில் பாட்டு. இவர்கள் செய்கிற வேலைக்குப் பெயர் மெடிக்கல் கோடிங்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற கோடிங் இல்லை இது. அமெரிக்காவில் யாரோ ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கிறது. டாக்டர் என்னென்ன செய்தார் என்பதை ஒரு குறிப்பாகச் சொல்லி வைக்கிறார். அந்தக் குறிப்பு கடல் தாண்டி இங்கே வருகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதை வரி வரியாகப் படித்து, அதற்குச் சரியான நம்பரைக் கண்டுபிடித்துப் போடவேண்டும். அந்த நம்பர் போனால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். தப்பான நம்பர் போனால் பில் திரும்பி வரும். வேண்டுமென்றே தப்பான நம்பர் போனால் வழக்கே வரும்.

எங்கள் அபார்ட்மெண்டில் கீழ் வீட்டுப் பெண் ஏழு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறாள். அதிலும் ஆபரேஷன் பிரிவு. போன வருஷம் அவளுடைய அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்து, ஆபரேஷன் செய்து, ஆறாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அம்மா பிழைத்து எழுந்து ரசம் வைத்துச் சாப்பிடுகிறார். டாக்டருக்கு நன்றி. அதில் எனக்கோ அவளுக்கோ மாற்றுக் கருத்து இல்லை.

பிரச்னை அதற்கப்புறம் வந்தது. பில் தொகை ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். அதில் அறுபத்தோராயிரத்தை இன்ஷூரன்ஸ் தரப்பில் வெட்டிவிட்டார்கள். காரணம்? 'லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்கு இரண்டு நாள் போதுமே, எதற்கு ஆறு நாள்?' என்று ஒரு வரி. சம்பந்தப்பட்ட யாரும் பொய் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பை நீக்கம்' என்றுதான் அச்சாகியிருந்தது. ஆனால் அம்மாவின் வலது விலாவுக்குக் கீழே சாணளவுக்குத் தையல்!

துளை போட்டு கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். பித்தப்பை வீங்கி, பக்கத்து உறுப்புகளோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. இதற்கு மேல் துளை வழியாகச் செய்வது ஆபத்து என்று முடிவெடுத்து, வயிற்றைத் திறந்து செய்திருக்கிறார்கள். நல்ல டாக்டர் அப்படித்தான் செய்வார். வெளியே நின்றிருந்த மகனிடமும், "கொஞ்சம் பெரிசா ஓபன் பண்ண வேண்டியதாயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் காகிதத்தில்? ஆபரேஷனுக்கு முன்னால் என்ன திட்டமோ அதுவே கடைசிவரை அச்சாகிவிட்டது.

கீழ் வீட்டுப் பெண் அந்த ஃபைலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அழவில்லை, கோபமாக இருந்தாள். "அங்கிள், ஒரு நாளைக்கு எத்தனையோ வெள்ளைக்காரங்க பித்தப்பைக்கு நான் நம்பர் போடறேன். எங்கம்மாவுக்குப் போட முடியலை. போடறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லை" என்றாள்.

அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரை.

அவள் பார்க்கும் வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் அவள் கோபம் உங்களுக்குப் புரியும்.

அமெரிக்காவில் டாக்டர் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் ஐந்து இலக்க எண் இருக்கிறது. சுருக்கமாக சி.பி.டி. என்பார்கள். துளை போட்டுப் பித்தப்பையை எடுத்தால் 47562. அதோடு பித்தக் குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படமும் எடுத்தால் 47563. வயிற்றைத் திறந்து எடுத்தால் 47600. துளையில் ஆரம்பித்துத் திறந்து முடித்தால்? இரண்டையும் போடக்கூடாது. எதில் முடிந்ததோ அதுதான் கணக்கு. ஆக, 47600 மட்டும். "முதலில் கேமரா விட்டுப் பார்த்தேனே, அதற்குத் தனியாகக் கொடு" என்று டாக்டர் கேட்கமுடியாது. சேர்ந்து வரக்கூடாத நம்பர்கள் சேர்ந்து வந்தால் கண்டுபிடித்து நிறுத்த, அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டத்தில் 1996லிருந்தே ஒரு சல்லடை வைத்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் செய்த இடத்தைத் தைத்து மூடுவதற்குத் தனிக் காசு கிடையாது. திறந்தவர்தானே மூடவேண்டும்! பித்தப்பை மாதிரி பெரிய ஆபரேஷன்களுக்கு, அடுத்த தொண்ணூறு நாள் வரை அதே டாக்டர் வழக்கமாகப் பார்த்துப் புண் ஆறிவிட்டதா என்று சோதிப்பதும் அந்த ஒரே நம்பருக்குள் அடக்கம். ஒரே நேரத்தில் இரண்டு ஆபரேஷன் செய்தால், மெடிகேர் கணக்கில் பெரியதற்கு முழுத் தொகை, அடுத்ததற்குப் பொதுவாகப் பாதி. வயிறு ஒருமுறைதான் திறந்தாய், மயக்க மருந்து ஒருமுறைதான் கொடுத்தாய் என்கிற நியாயம்.

சின்ன விஷயங்களில்தான் இன்னும் கறார். தோலில் ஒரு கட்டியை வெட்டி எடுத்தால் அதன் அளவைச் சொல்லவேண்டும். கட்டியின் அளவோடு, சுற்றி வெட்டிய நல்ல தோலின் ஓரமும் சேர்ந்த அளவு. அதுவும் வெட்டுவதற்கு முன்னால் அளந்தது. வெட்டி எடுத்து ஃபார்மலினில் போட்டால் சதை சுருங்கிவிடும், லேப் ரிப்போர்ட்டில் வரும் அளவு குறைவாக இருக்கும். வயிற்றுச் சுவரில் ஹெர்னியா என்றால், 2023லிருந்து ஓட்டையின் நீளத்தைக் கேட்கிறார்கள். மூன்று சென்டிமீட்டருக்குள்ளா, மூன்றிலிருந்து பத்துக்குள்ளா, பத்துக்கு மேலா? முதல் தடவையா, மறுபடி வந்ததா? உள்ளே போன குடல் திரும்பி வந்ததா, மாட்டிக்கொண்டதா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நம்பர்.

இதில் எதையாவது டாக்டர் எழுதாமல் விட்டால்? அந்தத் தொழிலில் ஒரு வேத வாக்கு உண்டு: எழுதவில்லை என்றால் செய்யவில்லை. கோடர் ஊகித்துப் போடக்கூடாது. 'செய்திருப்பார், பாவம்' என்று இரக்கப்படக்கூடாது. திருப்பி டாக்டரிடம் கேள்வி அனுப்பவேண்டும்.

யோசித்துப் பாருங்கள். சென்னையில் இருக்கிற இருபத்தெட்டு வயதுப் பெண், அமெரிக்க சர்ஜனைப் பார்த்து, "ஐயா, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சரியாக எழுதுங்கள்" என்று கேட்கலாம். அது அவள் வேலை. ஆனால் தன் சொந்தத் தாயாருக்கு ஆபரேஷன் செய்த இடத்தில், கவுன்ட்டரில் இருப்பவரிடம் அதே கேள்வியைக் கேட்டால், "மேடம், அதெல்லாம் பேஷண்ட்டுக்குத் தரமாட்டோம்" என்று பதில் வருகிறது.

உடனே நான் அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அங்கே நடக்கிற கூத்து வேறு ரகம்.

இந்த சி.பி.டி. நம்பர்கள் யாருடைய சொத்து தெரியுமா? அரசாங்கத்தினுடையது அல்ல. அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன் என்கிற டாக்டர்கள் சங்கத்தினுடையது. 1966ல் முதல் புத்தகம் போட்டார்கள். 1983ல் அரசுத் திட்டங்களுக்கு இதையே பயன்படுத்துவதாக அரசோடு ஒப்பந்தம். வேறு எந்த முறையையும் பயன்படுத்தமாட்டேன் என்றும் அரசு எழுதிக் கொடுத்தது. 1997ல் ஒரு ஃபெடரல் அப்பீல் கோர்ட், இப்படி வாங்கியது காப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று கண்டித்தது. ஆனால் காப்புரிமை போய்விட்டது என்று சொல்லவில்லை. இன்றைக்கும் அது சங்கத்தின் சொத்துதான். பில் போட சட்டப்படி அந்த நம்பர்தான் வேண்டும். அந்த நம்பர்ப் பட்டியலைத் தொழிலுக்குப் பயன்படுத்த சங்கத்துக்கு உரிமத் தொகை கட்டவேண்டும். தராசும் எடைக்கல்லும் கடைக்காரருடையது என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டில் இலவசமான இன்னொரு பட்டியலும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் ஆஸ்பத்திரி போடும் பில்லுக்கு வேறு நம்பர். 2015 அக்டோபர் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஐ.சி.டி.10 பி.சி.எஸ். என்கிற முறை. ஏழு எழுத்து. துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தால் 0, எஃப், டி, 4, 4, இஸட், இஸட். ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. எஃப் என்றால் கல்லீரல், பித்த மண்டலம். டி என்றால் முழுசாக எடுத்தது. முதல் 4 பித்தப்பை. அடுத்த 4 துளை வழியாக. திறந்து செய்திருந்தால் அந்த இரண்டாவது 4, சைபராக மாறிவிடும். ஒரே ஓர் எழுத்து, நோயாளிக்கு என்ன நடந்தது என்பதையே மாற்றிவிடுகிறது. இது அரசாங்கத்தின் பட்டியல், யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

திருட்டும் அங்கே உண்டு. சின்னதைச் செய்துவிட்டுப் பெரியதன் நம்பரைப் போடுவது ஒரு வகை. ஒரே நம்பரில் அடங்குவதைப் பிட்டுப் பிட்டு நாலு நம்பராகப் போடுவது இன்னொரு வகை. ஹெச்.சி.ஏ. என்கிற பெரிய மருத்துவமனைக் குழுமம், 2000லும் 2003லும் செய்துகொண்ட சமரசங்களில் மொத்தம் 170 கோடி டாலர் கட்டியது. நோயை இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டி நம்பர் போட்டதும் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம்பர் இருந்ததால்தான் அந்தப் பொய் பிடிபட்டது. இதைச் செய்தேன் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய், இதோ உன் குறிப்பில் அது இல்லை என்று எதிரே வைத்துக் காட்ட முடிந்தது.

நம் ஊரில் எதை வைத்துக் காட்டுவீர்கள்?

கீழ் வீட்டு அம்மாவின் பில்லைப் பார்த்தேன். மருந்துக் கணக்கு மட்டும் பதினோரு பக்கம். பஞ்சு, கையுறை, ஊசி, டேப் எல்லாம் பைசா சுத்தமாக இருக்கிறது. கையுறைக்குக்கூட பேட்ச் நம்பர் இருக்கிறது. ஆபரேஷனுக்கு? 'சர்ஜரி சார்ஜஸ்' என்று ஒரு வரி. 'ஓ.டி. சார்ஜஸ்' என்று ஒரு வரி. 'லேப்ராஸ்கோப்பி எக்விப்மென்ட்' என்று ஒரு வரி. 'மேஜர் ஓபன் சர்ஜரி இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' என்று ஒரு வரி. கேமராவையும் பயன்படுத்தினார்கள், கத்தியையும் பயன்படுத்தினார்கள், இரண்டுக்கும் காசு வாங்குவது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் எந்த விதிப்படி? எங்கே எழுதியிருக்கிறது? கேட்டால், "இது எங்க பேக்கேஜ் சார்" என்கிறார்கள். பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் திரும்பவும், "அதான் சார் பேக்கேஜ்."

இன்னொரு காகிதம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுவான க்ளெய்ம் படிவம். அதில் மருத்துவமனை நிரப்பவேண்டிய பகுதியில், நோய்க்கு ஐ.சி.டி.10 நம்பர், ஆபரேஷனுக்கு ஐ.சி.டி.10 பி.சி.எஸ். நம்பர் என்று கட்டம் கட்டமாக இடம் விட்டிருக்கிறார்கள். ஆமாம், மேலே சொன்ன அதே ஏழெழுத்துதான். படிவம் தயாரித்தவர்களுக்கு இது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது. அம்மாவின் படிவத்தில் அந்தக் கட்டங்கள் வெள்ளையாக இருந்தன. யாரும் நிரப்பவில்லை, நிரப்பவில்லையே என்று யாரும் கேட்கவும் இல்லை.

இதில் ஒரு பெரிய விநோதம் இருக்கிறது. 2018ல் வந்த பிரதமரின் ஜன் ஆரோக்கிய திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு கோட் உண்டு, ஒரு விலை உண்டு. நம் மாநிலத்தில் 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாகத் தொடர்வதிலும் இன்ன சிகிச்சைக்கு இன்ன தொகை என்று பட்டியல் இருக்கிறது. அதாவது, ரேஷன் கார்டையும் வருமானச் சான்றையும் காட்டி ஆபரேஷன் செய்துகொள்பவரின் பித்தப்பைக்குப் பெயரும் விலையும் இருக்கிறது. சொந்தக் காசைக் கட்டி, வருஷா வருஷம் பிரீமியமும் கட்டி, ஏ.சி. ரூமில் படுத்திருப்பவரின் பித்தப்பைக்கு இரண்டும் இல்லை! அரசாங்கம் காசு கொடுக்கும்போது கோட் கேட்கிறது. நாம் காசு கொடுக்கும்போது கேட்பதில்லை. அதுதான் வித்தியாசம்.

டாக்டர் நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். "மனுஷ உடம்பை நம்பரில் அடைக்கமுடியாது" என்றார் ஒருவர். "அமெரிக்காவில் ஒரு டாக்டருக்குப் பின்னால் பில் போட ஒரு படையே உட்கார்ந்திருக்கிறது. அந்தச் செலவும் நோயாளி தலையில்தான் விடியும்" என்றார் இன்னொருவர். உண்மைதான். அந்தப் படையில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

நான் படை கேட்கவில்லை. ஒரு வரிதான் கேட்கிறேன். என் உடம்பைத் திறந்து என்ன செய்தீர்கள், அதற்கு என்ன பெயர் என்கிற ஒரு வரி. அதை எழுத ஒரு டாக்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எழுதத்தான் எழுதுகிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் எழுதப்படும் ஆபரேஷன் நோட்ஸ் அந்த ஃபைலில் இருக்கிறது. நம் கைக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

கீழ் வீட்டுப் பெண் விடவில்லை. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ம் வருஷத்து நன்னடத்தை விதிகளில் ஒன்று இருக்கிறது: நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால், கேட்டதை ஏற்று 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டாள். முதல் நாள் ஆள் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் கையெழுத்துப் போடவேண்டியவர் லீவு. மூன்றாம் நாள் சாயந்திரம் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்றரைப் பக்கம். டாக்டரின் கையெழுத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. எத்தனை துளை, எங்கே ஒட்டியிருந்தது, எதனால் திறக்க முடிவெடுத்தார், எப்படி மூடினார். நல்ல டாக்டர் என்று முதலிலேயே சொன்னேனே! அந்த ஒன்றரைப் பக்கத்தையும், அதை வைத்துத் திருத்தி வாங்கிய டிஸ்சார்ஜ் சம்மரியையும் இணைத்து அனுப்பியதும், வெட்டிய அறுபத்தோராயிரம் ஐந்து வாரத்தில் வந்து சேர்ந்தது. அறுபத்தோராயிரம் ரூபாய் சார்! ஒரு பெயரைச் சரியாக எழுதாததன் விலை. அவளுக்குத் தொழில் தெரிந்திருந்தது, கேட்டு வாங்கினாள். தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? நகையை அடகு வைப்பார்கள்.

பணம்கூடப் பெரிதில்லை. ஐந்து வருஷம் கழித்து அந்த அம்மாவுக்கு வயிற்றில் வேறு ஏதாவது வந்து, வேறு ஊரில், வேறு டாக்டர் பழைய காகிதத்தைப் பார்க்கிறார் என்று வையுங்கள். உள்ளே ஒட்டல் இருந்தது, திறந்து செய்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டாமா?

எனவே, சம்பந்தப்பட்டவர்களுக்கு மூன்று கோரிக்கைகள்.

ஒன்று: டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் நோட்ஸ் நகலையும், கேட்காமலே, கடிதம் எழுத வைக்காமலே கொடுங்கள். அது எங்கள் உடம்பின் கணக்கு.

இரண்டு: பில்லின் முதல் வரியில், நடந்த ஆபரேஷனின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், கோடோடு. திட்டமிட்டதைப் போடாதீர்கள், நடந்ததைப் போடுங்கள். அந்தத் தொகைக்குள் எதெது அடக்கம், எது தனி என்று கீழே எழுதுங்கள். தையலுக்குத் தனிக் காசு உண்டா இல்லையா என்பது ஆபரேஷனுக்கு முன்பே தெரியவேண்டும்.

மூன்று: அரசுக்கு. உங்கள் காப்பீட்டுத் திட்டங்களில் ஏற்கெனவே ஒரு கோட் பட்டியல் இருக்கிறதே, அதையே எல்லாத் தனியார் பில்களுக்கும் கட்டாயமாக்கினால் என்ன? விலையை இப்போதைக்கு அவர்களே வைத்துக்கொள்ளட்டும், பெயராவது ஒன்றாக இருக்கட்டும். பெயர் ஒன்றானால்தான் இந்த மருத்துவமனையில் எவ்வளவு, அந்த மருத்துவமனையில் எவ்வளவு என்று ஒப்பிடவே முடியும். முக்கியமாக, பட்டியல் அரசிடமே, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கட்டும். எந்தச் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் கோர்ட் படி ஏறவேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், செய்யப்போவதன் முழுப் பெயர் என்ன? முடிந்ததும் செய்ததன் பெயரையும் எழுதிக் கொடுப்பீர்களா?" மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கோடிங் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. டெக்சாஸ்காரரின் ஹெர்னியா எத்தனை சென்டிமீட்டர் என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம், எதிர்வீட்டுத் தாத்தாவின் ஆஸ்பத்திரி பில்லைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். இந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

அறுபத்தோராயிரம் வந்த அன்றைக்குக் கேசரியோடு மேலே வந்தாள் அந்தப் பெண். அம்மாவும் கூடவே வந்தார், படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறி. "எல்லாருக்கும் ஏதோ நம்பர் போடறாளாம். எனக்கு என்ன நம்பர்னு கேட்டேன். ஃபைல் மேல எழுதிக் குடுத்திருக்கா" என்று எடுத்துக் காட்டினார்.

அட்டையில், பால்பாயிண்ட் பேனாவில், பெரிதாக: 47600.